மங்கலாகத் தெரியும் அந்த அறை: ‘எக்ஸார்சிஸ்ட் 3’ படத்தின் தொலைந்த வடிவம் ப்ளூ-ரேயில் திரும்பி வந்த கதை

ஆஸ்பத்திரியின் நடைவழி வரைக்கும் படம் பளிச்சென்று இருக்கிறது. போலீஸ் அதிகாரி கிண்டர்மனின் முகச்சுருக்கம், கோட்டின் மடிப்பு, சுவரில் பூசிய வண்ணம் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. அவர் அடைப்பு அறைக்குள் போய் அந்த நோயாளியின் எதிரே நின்றதும் படம் சட்டென்று மங்கிவிடுகிறது. இருட்டான இடங்களில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் அலைகின்றன. நிறம் தன் எல்லையைத் தாண்டிப் பக்கத்தில் கசிகிறது. முதல்முறை பார்ப்பவர் டிவியில்தான் ஏதோ கோளாறு என்று ரிமோட்டைத் தேடுவார். கோளாறு எதுவும் இல்லை. 1989இல் படமாக்கி, 1990இல் ஒதுக்கப்பட்டு, அப்புறம் நெகடிவே கிடைக்காமல் போன காட்சிகள் அவை. அவற்றில் மிஞ்சியது படப்பிடிப்பின்போது பார்த்துச் சரிபார்ப்பதற்காக விஎச்எஸ் கேசட்டில் பதிந்திருந்த ‘ரஷ்’ பிரதி மட்டும்தான்.

‘எக்ஸார்சிஸ்ட் 3’ படத்தை அமெரிக்காவின் ஸ்க்ரீம் ஃபேக்டரி நிறுவனம் 2016 அக்டோபர் 25 அன்று இரண்டு டிஸ்க் கொண்ட ப்ளூ-ரேயாக வெளியிட்டது. முதல் டிஸ்க்கில் 1990இல் தியேட்டருக்கு வந்த படம். இரண்டாவதில் இயக்குநர் வில்லியம் பீட்டர் பிளாட்டி முதலில் எடுத்து முடித்த வடிவம், அவர் வைக்க விரும்பிய ‘லீஜியன்’ என்ற பெயரிலேயே. அந்த இரண்டாவது டிஸ்க்கைப் பற்றித்தான் இந்த ஆய்வு. வீட்டு வீடியோ சந்தையில் ‘இதுவரை காணாத காட்சிகள்’ என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை எடிட்டர் நியாயமாக வெட்டித் தள்ளியவை. இது அந்த ரகத்தில் சேராது. ஒரு கலைஞன் நினைத்த படமே வேறு. அதைப் பார்க்க நமக்கு 26 ஆண்டு ஆனது, அதுவும் அரைகுறைத் தெளிவில்.

முதலில் பிளாட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். லெபனானிலிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்கு 1928இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஆரம்பத்தில் நகைச்சுவை எழுத்தாளர். 1964இல் வந்த ‘எ ஷாட் இன் தி டார்க்’ படத்தின் திரைக்கதையில் அவருக்கும் பங்கு உண்டு. 1971இல், பேய் பிடித்த ஒரு சிறுமியைப் பற்றிய ‘தி எக்ஸார்சிஸ்ட்’ நாவலை எழுதினார். 1973இல் வில்லியம் ஃப்ரீட்கின் அதைப் படமாக்கியபோது திரைக்கதைக்காக பிளாட்டிக்கு ஆஸ்கர் கிடைத்தது. 1977இல் வந்த இரண்டாம் பாகத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. 1983இல் அவர் எழுதிய ‘லீஜியன்’ நாவல், இரண்டாம் பாகம் என்று ஒன்று வந்ததையே கணக்கில் எடுத்துக்கொள்ளாமல், முதல் கதையின் இரண்டு துணைப் பாத்திரங்களைத் தொடர்ந்து போகிறது. ஒருவர் கிண்டர்மன். இன்னொருவர் பாதிரியார் டையர்.

லீஜியன் என்ற பெயர் தமிழில் பைபிள் படித்தவர்களுக்குப் புதிதல்ல. மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், கல்லறைகளுக்கு நடுவே திரியும் அசுத்த ஆவி பிடித்தவனிடம் இயேசு பேர் கேட்கும்போது ‘லேகியோன்’ என்று வரும் பதில் அதுதான். நாங்கள் அநேகர் என்பது அதன் பொருள். ஒரே உடம்புக்குள் பலர். படத்தின் கரு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அதனால்தான் பிளாட்டி அந்தப் பெயரை விடமாட்டேன் என்று நின்றார். தயாரிப்பாளர்களுக்கோ ‘எக்ஸார்சிஸ்ட்’ என்ற பெயர் போஸ்டரில் இருந்தே ஆகவேண்டும். பெயரில் தொடங்கிய இழுபறி கடைசியில் படத்தின் முடிவு வரைக்கும் போனது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பகுதி. ஒரு சிறுவனும் அப்புறம் பாதிரியார்களும் குரூரமாகக் கொல்லப்படுகிறார்கள். கொலைகளில் விடப்பட்டிருக்கும் அடையாளங்கள் ஜெமினி என்ற தொடர் கொலைகாரனுடையவை. அவனோ 15 ஆண்டுகளுக்கு முன்பே மின்சார நாற்காலியில் செத்துப்போனவன். யாராவது அவனைப் பார்த்துப் பழகிச் செய்கிறார்கள் என்றும் சொல்லமுடியாது. வழக்கின் உண்மையான அடையாளங்களைப் போலீஸ் அப்போதே மறைத்து, பத்திரிகைகளுக்குப் பொய்யான விவரங்களைத்தான் கொடுத்திருந்தது. உண்மை விவரம் தெரிந்தவர்கள் போலீஸ்காரர்களும் ஜெமினியும் மட்டுமே. இந்த நிலையில் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் பெயர் தெரியாமல் அடைபட்டிருக்கும் ஒரு நோயாளி, நான்தான் ஜெமினி என்கிறான். அவன் முகமோ, முதல் படத்தின் கடைசியில் ஜன்னல் வழியே பாய்ந்து படிக்கட்டில் விழுந்து இறந்த பாதிரியார் காரஸின் முகம்.

இப்படிக் கேட்டால் முழுக்க முழுக்கப் பேய்ப்படம் என்று தோன்றும். பார்த்தால் பாதிப் படம் இரண்டு நண்பர்களின் பேச்சு. கிண்டர்மனாக நடித்த ஜார்ஜ் சி. ஸ்காட்டும் டையராக நடித்த எட் ஃபிளாண்டர்ஸும் உட்கார்ந்து பேசும் ஒரு காட்சியை நான் பலமுறை திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு ஏன் போகவில்லை என்று டையர் கேட்கிறார். மாமியார் சமைப்பதற்காக வாங்கிய கெண்டை மீன் ஒன்று மூன்று நாளாகக் குளியல் தொட்டியில் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கிறது, அதனால் மூன்று நாளாகக் குளிக்கவில்லை, அது தூங்கிய பிறகுதான் வீட்டுக்குப் போவேன் என்கிறார் கிண்டர்மன். முகத்தில் சிரிப்பே கிடையாது. அந்த மீனைப் பார்த்தாலே கொன்றுவிடுவேன் என்கிற கடுமை. நகைச்சுவை எழுத்தாளர் பிளாட்டி இங்கேதான் தெரிகிறார். இந்தச் சிரிப்பு உள்ளே இறங்கியிருப்பதால்தான் சற்று நேரத்தில் டையருக்கு நேர்வது அவ்வளவு வலிக்கிறது. உளவியல் திகில் என்ற சொல்லுக்கு நான் காட்டும் எடுத்துக்காட்டு இந்தப் படம். முதலில் அந்த மனிதர்கள்மேல் நமக்குப் பிரியம் வரவேண்டும், பயம் அப்புறம் தானாக வரும்.

சரி, 1990இல் என்ன நடந்தது?

பிளாட்டி படத்தை எடுத்து முடித்தார். வெளிப்புறக் காட்சிகள் ஜார்ஜ்டவுனிலும், உட்புறக் காட்சிகளில் பெரும்பகுதி வட கரோலினாவின் வில்மிங்டனில் இருந்த ஸ்டுடியோவிலும் எடுக்கப்பட்டன. அந்த முதல் படப்பிடிப்பில் நோயாளியாக நடித்தவர் பிராட் டூரிஃப் ஒருவர் மட்டும். ‘ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்’ படத்துக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட நடிகர். ‘சைல்ட்ஸ் பிளே’ படத்தில் சக்கி பொம்மைக்குக் குரல் கொடுத்தவரும் அவர்தான். காரஸின் உடம்பும் ஜெமினியின் பேச்சும் இரண்டும் அவரிடமே இருந்தன. படத்தின் முடிவு வெட்டு ஒன்று துண்டு இரண்டு: கிண்டர்மன் அறைக்குள் போகிறார், துப்பாக்கியை எடுக்கிறார், சுடுகிறார். மந்திரம் கிடையாது, சிலுவை கிடையாது.

தயாரிப்பு நிறுவனமான மார்கன் கிரீக் இதைப் பார்த்ததும் கேட்டது நேரான கேள்வி. எக்ஸார்சிஸ்ட் என்று பெயர் வைத்த படத்தில் பேயோட்டும் காட்சி எங்கே? வியாபாரி கேட்கக்கூடிய கேள்விதான், அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெயரை வற்புறுத்தி வைத்தவர்களே அவர்கள்தான். பெயருக்கு ஏற்றபடி படத்தை மாற்றச் சொன்னார்கள். தான் மறுத்தால் வேறொருவர் எடுத்துவிடுவார் என்ற நிலையில் பிளாட்டியே மறு படப்பிடிப்புக்கு ஒப்புக்கொண்டார். சுமார் 40 லட்சம் டாலர் கூடுதலாகச் செலவானது. அதுவரை கதையிலேயே இல்லாத மார்னிங் என்ற பாதிரியார் உள்ளே வந்தார், நடித்தவர் நிக்கல் வில்லியம்சன். இடி, மின்னல், பாம்பு, பிளக்கும் தரை எல்லாம் வந்தன.

இதைவிடப் பெரிய மாற்றம் அடைப்பு அறையில் நடந்தது. முதல் படத்தில் காரஸாக நடித்த ஜேசன் மில்லரைக் கொண்டுவர முடிவானது. மில்லர் சாதாரண ஆள் இல்லை. 1973இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசு வாங்கியவர். ஆனால் இந்தப் படத்தின் பக்கம் பக்கமான வசனங்களை ஒரே மூச்சில் பேச அந்த நேரத்தில் அவரால் முடியவில்லை. அதனால் டூரிஃபைத் திரும்ப அழைத்தார்கள். பாத்திரம் இரண்டாகப் பிரிந்தது. காரஸாகத் தெரியும்போது மில்லர், ஜெமினியாகப் பேசும்போது டூரிஃப். இரண்டு முகமும் மாறி மாறி வரும்படி அறைக் காட்சிகள் புதிய செட்டில் திரும்ப எடுக்கப்பட்டன. 1990 ஆகஸ்ட் 17 அன்று படம் தியேட்டருக்கு வந்தது. முதலில் எடுத்ததுதான் கலப்பில்லாமல் இருந்தது, தனக்குப் பிடித்தது அதுவே என்று டூரிஃப் பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஒரே வேடத்தை இரண்டு முறை நடித்தவர் சொல்கிறபோது அதற்குத் தனி எடை உண்டு.

தியேட்டரில் வந்த படம் சுமாராகத்தான் ஓடியது. மெதுமெதுவாக விஎச்எஸ் வாடகைக் கடைகள் வழியாகவும், அப்புறம் டிவிடி வழியாகவும் அதற்கென்று ஒரு கூட்டம் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தைச் சேர்த்த காட்சி எது என்று அதில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும், அந்த நடைவழிக் காட்சி.

அதையும் கொஞ்சம் நின்று பார்ப்போம். இரவு நேரம். கேமரா ஆஸ்பத்திரி நடைவழியின் ஒரு கோடியில் ஆடாமல் நிற்கிறது. மறுகோடியில் ஒரு நர்ஸ் தன் மேஜையில் இருக்கிறார். காவலுக்கு ஒரு போலீஸ்காரர். ஏதோ சத்தம் கேட்டு நர்ஸ் ஓர் அறைக்குள் எட்டிப் பார்க்கிறார். கண்ணாடி டம்ளரில் ஐஸ் கட்டி விரிசல் விடும் சத்தம். திடீரென்று தூங்கிக்கொண்டிருந்த நோயாளி எழுந்து கத்துகிறார், நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அவ்வளவுதான், பயமுறுத்தியாகிவிட்டது என்று நாம் மூச்சை விடுகிறோம். திரும்பவும் அந்த நீண்ட தூரக் காட்சி. நர்ஸ் வருகிறார், போகிறார், போலீஸ்காரர் கிளம்பிப் போகிறார். எதுவும் நடக்கவில்லை. நர்ஸ் இன்னொரு கதவைப் பார்த்துப் பூட்டிவிட்டுத் திரும்பி நடக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் வெள்ளை போர்த்திய உருவம் ஒன்று பெரிய கத்திரியை நீட்டியபடி வேகமாக வருகிறது. கேமரா ஒரே இழுப்பாக நெருங்குகிறது. அடுத்த கணம் தலையில்லாத சிலை. இரத்தம் ஒரு சொட்டு இல்லை. இந்தக் காட்சி இரண்டு வடிவத்திலும் உண்டு, ஃபிலிமிலிருந்து எடுத்ததாகத் தெளிவாகவே உண்டு. நெருங்கிப் போகாமல் பயமுறுத்தத் தெரிந்த ஒருவரின் கையிலிருந்து படம் பிடுங்கப்பட்டு, தரை பிளக்கும் கிளைமாக்ஸ் ஒட்டப்பட்டது என்பதை எண்ணும்போது இரசிகர்கள் ஏன் 26 ஆண்டு விடாமல் கேட்டார்கள் என்று புரியும்.

கேட்டும் கிடைக்கவில்லை. ஒதுக்கப்பட்ட காட்சிகளின் ஃபிலிம் எங்கேயும் இல்லை என்றே பதில் வந்தது. 2012இல் ஷவுட் ஃபேக்டரியின் திகில் பிரிவாகத் தொடங்கிய ஸ்க்ரீம் ஃபேக்டரி இந்தப் படத்தைக் கையில் எடுத்தபோதும் தேடினார்கள். ஃபிலிம் கிடைக்கவில்லை. கிடைத்தவை கேசட்டுகள்.

ரஷ் என்றால் என்ன என்று சினிமாவில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: அந்தக் காலத்தில் ஒரு நாள் எடுத்த நெகடிவை லேபில் கழுவி, மறுநாள் இயக்குநரும் தயாரிப்பாளரும் பார்ப்பதற்கு ஒரு பிரதி கொடுப்பார்கள். எந்த டேக் சரி, வெளிச்சம் போதுமா, ஃபோகஸ் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. வீடியோ வந்த பிறகு இதை, ஃபிலிமை வீடியோவாக மாற்றும் டெலிசினி கருவி மூலம் கேசட்டில் இறக்கிக் கொடுப்பதும் வழக்கமானது. பார்த்த பிறகு அந்தக் கேசட்டுக்கு ஒரு மதிப்பும் இல்லை. நிறம் சரிசெய்திருக்கமாட்டார்கள், ஒலிக்கலவை இருக்காது, பின்னணி இசை இருக்காது. நெகடிவ் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில், தூக்கி எறிவதற்காகவே உண்டாக்கப்பட்ட பொருள் அது. கடைசியில் நெகடிவ் போய்விட்டது, எறிய வேண்டியது நின்றுவிட்டது.

விஎச்எஸ் தரத்தைத் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் சுமார் 240 கோடுகள் என்று கணக்கிடுவார்கள். ப்ளூ-ரே படச்சட்டம் 1920க்கு 1080 புள்ளிகள். வித்தியாசம் எவ்வளவு என்று எண்ணில் சொல்வதைவிட, வீட்டில் 1990களின் கல்யாண கேசட் இருந்தால் இன்றைய பெரிய டிவியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மணப்பெண்ணின் சிவப்புப் புடவை ஓரம் தாண்டி வழியும். கூட்டத்தில் தாத்தாவை முகத்தால் அடையாளம் காணமுடியாது, நிற்கிற விதத்தால்தான் காணமுடியும். விஎச்எஸ் மிகவும் தடுமாறுவது இருட்டில். ‘லீஜியன்’ வடிவத்தில் கேசட்டிலிருந்து வந்தாகவேண்டிய காட்சிகளோ இருட்டான அடைப்பு அறைக் காட்சிகள். மறு படப்பிடிப்பில் அந்த அறை முழுவதும் புதிதாக எடுக்கப்பட்டுவிட்டதால், பழைய அறையின் ஒரு துண்டுகூடத் தியேட்டர் வடிவத்தின் ஃபிலிமிலிருந்து கடன் வாங்க வழியில்லை. படத்தின் இதயம் எதுவோ அதுவே மிக மங்கலான பகுதியாக ஆகிவிட்டது.

இந்த இடத்தில் வெளியீட்டாளர் முன்னால் மூன்று வழி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேசட் துண்டுகளைத் தனியாக ‘நீக்கப்பட்ட காட்சிகள்’ பட்டியலில் போட்டுவிடலாம். பெரும்பாலான நிறுவனங்கள் செய்வது இதைத்தான், பழி வராது. நல்ல பிரதி கிடைக்கும்வரை காத்திருக்கலாம். அல்லது மங்கலோ தெளிவோ, முழுப் படமாகக் கோத்து ஒரு மனிதன் தொடக்கம் முதல் முடிவுவரை உட்கார்ந்து பார்க்கும்படி கொடுக்கலாம். மூன்றாவதைத்தான் செய்தார்கள். தரம் ஒரே சீராக இருக்காது, சில காட்சிகள் கேசட்டிலிருந்து எடுத்தவை என்று முன்கூட்டியே அறிவித்தும்விட்டார்கள். இந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். காசு கொடுத்து வாங்குகிறவரிடம் பொருளின் குறையை முதலில் சொல்லி விற்பது வீடியோ வியாபாரத்தில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

துண்டுகளாகப் போட்டிருந்தால் என்ன கெட்டுவிடும்? என் பதில், படமே கெட்டுவிடும். தனித்தனியாகப் பார்த்தால் டூரிஃபின் பழைய நடிப்பு ஓர் ஆர்வப் பொருளாக மட்டும் இருக்கும். முழுப் படத்தின் ஓட்டத்தில் பார்க்கும்போதுதான் அதன் நியாயம் விளங்குகிறது. தியேட்டர் வடிவத்தில் மில்லரின் முகமும் டூரிஃபின் முகமும் மாறி மாறி வருவதால், இது காரஸ், இது ஜெமினி என்று படமே நமக்குப் பிரித்துக் காட்டிவிடுகிறது. ‘லீஜியன்’ வடிவத்தில் அந்த உதவி கிடையாது. ஒரே முகம். கிண்டர்மனின் இறந்துபோன நண்பனின் முகமும் அதுவே, கொலைகாரனின் வாயும் அதுவே. புகைப்படத்தில் இருக்கும் காரஸும் இங்கே டூரிஃப்தான். எதிரே கட்டிப்போட்டிருப்பவன் நண்பனா, பைத்தியமா, செத்துப்போன ஒருவனா என்று கிண்டர்மனோடு சேர்ந்து நாமும் தடுமாறுகிறோம். லேகியோன் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான காட்சி உருவம் இருக்கமுடியாது.

நடிப்பிலும் வித்தியாசம் இருக்கிறது. தியேட்டர் வடிவத்தில் டூரிஃப் வெடிக்கிறார், கர்ஜிக்கிறார், அற்புதமாகத்தான் செய்கிறார். கேசட்டில் இருக்கும் டூரிஃப் என் கண்ணுக்கு இன்னும் அடங்கியவராகத் தெரிகிறார். ஒரு கொலையை எப்படிச் செய்தேன் என்பதைத் தச்சுவேலையின் நுணுக்கத்தைச் சொல்கிற பெருமிதத்தோடு சொல்கிறார். கைகளைக் கட்டும் வெள்ளைச் சட்டை மங்கலில் ஒளிர்கிறது, கண் எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கமுடியவில்லை. மங்கலுக்காக இதை நான் பாராட்டவில்லை. தெளிவான நெகடிவ் நாளைக்கே கிடைத்தால் முதல் ஆளாக அதைத்தான் பார்ப்பேன். ஆனாலும் ஐந்து நிமிடம் போனதும் கண் பழகிவிடுகிறது, குரல் மட்டும் நிற்கிறது. ஒரு நடிகரின் வேலை இவ்வளவு மோசமான பிரதியிலும் செத்துப்போகாமல் இருக்கிறது என்பதை நான் இந்த டிஸ்க்கில்தான் கண்ணால் பார்த்தேன்.

திரும்பி வந்த காட்சிகளில் கல்லறையைத் தோண்டும் காட்சியும் முக்கியம். காரஸ் என்று புதைக்கப்பட்ட பெட்டிக்குள் இருப்பது வேறு ஒரு துறவியின் உடல் என்று அங்கே தெரியவருகிறது. துப்பறியும் கதையின் கணக்கு நேராவது இதனால்தான். தியேட்டர் வடிவத்தில் இந்தக் கணக்கு வசனத்துக்குள் அவசரமாகக் கரைந்துவிடும்.

முடிவைப் பற்றி எல்லாரும் ஒத்துப்போகமாட்டார்கள், நானே முழுதாக ஒத்துப்போகவில்லை. சுட்டதும் படம் முடிந்துவிடுகிறது. மறு படப்பிடிப்பின் கிளைமாக்ஸில் தரை பிளப்பதும் பாம்பும் எனக்குத் தேவையில்லை. ஆனால் சுவரோடு அழுத்தப்பட்ட ஸ்காட், தான் எதையெல்லாம் நம்புகிறேன் என்று மரணத்தையும் நோயையும் அநீதியையும் வரிசையாக அடுக்கிக் கத்துகிற பேச்சு இருக்கிறதே, அது அந்தப் புதிய கிளைமாக்ஸுக்காக வந்தது. படம் முழுக்க நம்பிக்கை இல்லாமல் திரிந்த மனிதர் தீமையை நம்புவதாக ஒப்புக்கொள்ளும் இடம் அது. பிளாட்டி வேண்டாவெறுப்பாக எடுத்த பகுதிக்குள்ளும் தன் மனதில் இருந்த ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். அந்தப் பேச்சு இல்லாத ‘லீஜியன்’ முடிவு எனக்கு வறட்சியாகத்தான் இருக்கிறது. இரண்டு வடிவத்தையும் ஒரே பெட்டியில் வைத்தது இதனாலேயே சரியான முடிவு. ஒன்று மற்றதை ரத்து செய்யவில்லை.

எனக்கு இருக்கும் மனக்குறை பெயரிடலில். இரண்டாவது டிஸ்க்கை இயக்குநர் வடிவம் என்று விற்றார்கள். இயக்குநர் வடிவம் என்றால் அவர் உட்கார்ந்து எடிட் செய்து, நிறம் பார்த்து, ஒலி சேர்த்து, இதுதான் என் படம் என்று கையெழுத்துப் போட்டதாக இருக்கவேண்டும். இது, எழுத்திலும் கேசட்டிலும் மிஞ்சியதை வைத்து மற்றவர்கள் கோத்த மீட்டுருவாக்கம். அப்படியே பெயர் வைத்திருக்கலாம், மதிப்பு ஒன்றும் குறைந்திருக்காது. பிளாட்டியின் பங்கு இதில் ஒலி வடிவப் பேட்டியாக இருக்கிறது. ‘லீஜியன்’ ஓடும்போது அவர் குரலைப் பின்னால் கேட்டுக்கொண்டே பார்க்கலாம். அந்த டிஸ்க் வெளிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2017 ஜனவரி 12 அன்று தமது 89ஆம் வயதில் பிளாட்டி காலமானார். தொலைந்ததாகச் சொல்லப்பட்ட படம் ஏதோ ஒரு வடிவத்தில் மக்கள் கைக்குப் போனது அவர் இருக்கும்போதே நடந்தது. இன்னும் நல்ல பிரதிக்காகக் காத்திருந்தால் அது நடந்திருக்காது.

காத்திருக்கவேண்டும் என்று வாதிடுபவர்களுக்கு இரண்டு பழைய கதைகளை நினைவூட்டத் தோன்றுகிறது. 1927இல் வந்த ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் வெட்டப்பட்ட பகுதிகள் 2008இல் பியூனஸ் அய்ரஸ் நகரின் சினிமா அருங்காட்சியகத்தில் 16 மில்லிமீட்டர் பிரதியாகக் கிடைத்தன, மேலிருந்து கீழ்வரை கீறல். அந்தக் கீறலோடே சேர்த்து 2010இல் வெளியிட்டார்கள். யாரும் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. 1973இல் வந்த ‘தி விக்கர் மேன்’ கதை இதற்கு இன்னும் நெருக்கம். அதன் நீண்ட வடிவம் பல ஆண்டுகள் வீடியோ டேப்பின் தரத்தில்தான் உலவியது. அந்த மங்கல் பிரதியைப் பார்த்தவர்கள்தான் தொடர்ந்து கேட்டார்கள். 2013இல் ஹார்வர்டு ஃபிலிம் ஆவணக்காப்பகத்தில் ஒரு 35 மில்லிமீட்டர் பிரதி இருப்பது தெரிந்து, நல்ல தரத்தில் புதிய வடிவம் வந்தது. என்ன தேடவேண்டும் என்று ஊருக்குத் தெரிந்தால்தான் ஏதாவது ஓர் அலமாரியில் அது தட்டுப்படும்.

‘லீஜியன்’ விஷயத்தில் அப்படி எதுவும் இன்னும் தட்டுப்படவில்லை. 2016 வெளியீட்டில் தியேட்டர் வடிவத்தை நெகடிவிலிருந்து எடுக்கும் இடைநிலைப் பிரதியான இன்டர்பாசிட்டிவிலிருந்து 2கே தரத்தில் ஸ்கேன் செய்திருந்தார்கள். 2023இல் அதே நிறுவனம் மூல நெகடிவையே 4கே தரத்தில் ஸ்கேன் செய்து புதிய பதிப்பு கொண்டுவந்தது. நடைவழிக் காட்சி இன்று முன்னெப்போதையும்விடத் துல்லியம். அடைப்பு அறையில் 1989இல் உட்கார்ந்திருந்த டூரிஃப் அதே கேசட்டில், அதே மங்கலில்.

வாங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு, முதலில் தியேட்டர் வடிவத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் விட்டு ‘லீஜியன்’ போடுங்கள், மறுநாளே போட்டால் கண் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். டிவியில் படத்தைக் கூர்மையாக்கும் வசதி எது இருந்தாலும் நிறுத்திவிடுங்கள், கேசட் பகுதியை அது இன்னும் கெடுக்கும். வழக்கத்தைவிட ஒரு நாலடி தள்ளி உட்காருங்கள். ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். அந்த அறைக்குள் படம் மங்கும்போது குரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம்.